மர்லியாவை என்னவென்று எழுதுவது

2024 ஜூன் 4, செவ்வாய்

கிளினிக் நாள். காலை ஆறரைக்கே மீனுவின் மாமியாரை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். பிறகு பாமன்கடை ரீச்சரைக் கண் டொக்டரிடம். இருவரையும் வீடு சேர்க்க ஒரு மணி. மர்லியா வானை ஓட்டுவாள், நான் கையைப் பிடித்து இறக்குவேன். சில இடங்களில் நான் உள்ளே டொக்டரோடு கதைக்க, அவள் வெளியே மற்றவரோடு உட்கார்ந்திருப்பாள். மூன்று வருடமாக இப்படித்தான்.

பின்னேரம் ஒரு தொலைபேசி. மரைன் டிரைவ் பக்கம் ஒரு பெரிய மாடிக் கட்டடம், அறுபத்து நான்கு வீடுகள். பாதி வீடுகளில் வயதானவர்கள் தனியே. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். கட்டடக் கமிட்டி எங்களோடு ஒரு வருட ஒப்பந்தம் செய்ய விரும்புகிறதாம். கடைசியில் செயலாளர் சொன்னார், "மிஸ், ஒண்டு. கமிட்டி லிமிடெட் கம்பனியோட மட்டும்தான் எக்ரிமென்ட் போடும்."

எங்களிடம் இருப்பது பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டும். 'கைத்துணை. உரிமையாளர்: குமுதினி றமேஷ்.' ஆஸ்பத்திரி நேர்ஸ் வேலையை விட்டபிறகு தெரிந்த நாலு பேருக்கு உதவியாகத் தொடங்கியது. இதை வியாபாரம் என்று சொல்லவே இன்னும் கூச்சம்.

ஆனாலும் கேட்டார்களே! கடவுளுக்கு நன்றி.

ஜூன் 7, வெள்ளி

மீனுவின் கந்தோருக்குப் போனேன். அவள் தொழிலே கம்பனிகளைப் பதிந்து கொடுத்து, அவற்றுக்குச் செயலாளர் வேலை பார்ப்பதுதான். மாமியாரை நாங்கள் பார்த்துக்கொள்வதால் என்னிடம் ஒரு சதமும் வாங்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

இப்போது இருக்கிறபடி இருந்தால், நானும் வியாபாரமும் சட்டத்துக்கு ஒரே ஆள். வழக்கு வந்தால் வீடு வரைக்கும் வரலாம். கூட்டாகப் பதிந்தால் இரண்டு பேர் தலையிலும் முழுப் பொறுப்பு. லிமிடெட் என்றால் கம்பனி தனி ஆள். அதன் கடனும் பொறுப்பும் அதோடு.

"ஆனா அத மதில் மாதிரி நெனச்சுக்காதீங்க அக்கா," என்றாள் மீனு. "நீங்களே கவனமில்லாம ஒண்ணு செஞ்சா, கம்பனிக்குப் பின்னால ஒளிய முடியாது. வருஷா வருஷம் கணக்கு, அறிக்கை எல்லாம் குடுக்கணும். செலவு இருக்கு."

படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தபடியே கேட்டாள்:

"மர்லியா உங்களுக்கு யாரு?"

என்ன கேள்வி இது. மர்லியா மர்லியாதான்.

"இல்ல அக்கா, பங்குதாரரா, சம்பளத்துக்கா, இல்ல வாடகைக்கு வான் ஓட்டுறவங்களா? ஏதாவது ஒண்ணா எழுதணுமே."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதும் அதே யோசனை. எரிபொருள் செலவு போக ஆளுக்குப் பாதி என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். அதற்குப் பெயர் என்ன என்று இருவரும் கேட்டதில்லை.

கொரோனாக் காலத்தில் அவளுடைய ஸ்கூல் வான் ஓடாமல் நின்றது. வயதானவர்களை ஊசி போடக் கூட்டிப்போக வாகனம் தேடிய எனக்கு அவளைக் காட்டிவிட்டது யாரென்று கூட மறந்துபோச்சு. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் வானுக்குள்ளேயே கிடந்தாள். டயலிஸிஸ் செய்கிற ஒருவரை ஒரு தடவை கூட நாங்கள் தவறவிடவில்லை. இதையெல்லாம் எந்தப் படிவத்தில் எழுதுவது?

ஜூன் 13, வியாழன்

மர்லியாவிடம் கேட்டேன். "கம்பனி ஒண்டு பதிவம். நீரும் ஒரு பணிப்பாளர், டிரெக்டர். சரி பாதி."

வானை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

"அக்கா, என்ட பேர மட்டும் போட்டுராதீங்க. வேற என்ன வேணுமெண்டாலும் செய்றேன்."

இவ்வளவு நாளும் சொல்லாத கதையைச் சொன்னாள். கலியாணமான புதிதில், அவளுக்கு இருபத்து நான்கு வயது. கணவர் றவூபின் தம்பி ஏதோ பேப்பர் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டாராம். வெறும் தாள். குடும்பத்துக்குள்தானே என்று போட்டுக் கொடுத்தாள். இரண்டு வருடம் கழித்து அவள் பெயருக்கு அழைப்பாணை வந்தபோதுதான், தான் ஒரு கம்பனியின் டிரெக்டர் என்று தெரிந்ததாம். தம்பியார் அதற்குள் நாட்டிலேயே இல்லை.

"புதுக்கடைக் கோட்டுக்கு நாலு வருஷம் போனேன் அக்கா. நுஹா கைப்புள்ள. கோட்டுக்குள்ள பால் குடுக்க ஏலாது. அழுதழுது கெடப்பா."

அந்தக் கைக்குழந்தை இப்போது ஏ-எல் சோதனை எழுதிவிட்டு நிற்கிறது. மர்லியா அதைச் சொல்லும்போது ஸ்டியரிங்கைப் பிடித்த பிடி விடவில்லை.



ஜூன் 17, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள். தெஹிவளையில் இருந்து நுஹா கொண்டுவந்த பெருநாள் இனிப்பு வட்டிலப்பத்தில் முக்கால்வாசியை வீட்டுக்காரர் றமேஷ் தனியே முடித்துவிட்டார். கேட்டால், "எனக்கெண்டுதானே மர்லியா அனுப்பினவ," என்கிறார்.

ஜூன் 19, புதன்

நாங்கள் கிளினிக்குக் கூட்டிப்போகிற ஸ்ரனிஸ்லாஸ் ஐயா விழுந்துவிட்டார்.

நான் வெள்ளவத்தையில் ரீச்சரோடு. மர்லியா மட்டும்தான் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஐயாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். விழுந்தது ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில். வலது மணிக்கட்டு முறிவு, நெற்றியில் நாலு தையல். எண்பத்தொரு வயது. இடுப்பு தப்பியது பெரிய அதிர்ஷ்டம் என்று டொக்டர் சொன்னார்.

நான் ஓடிப்போனபோது மர்லியா அவசரப் பிரிவு வாசலில் நின்றாள். உடுப்பெல்லாம் ஐயாவின் இரத்தம். "கைத்தடிய எடுக்கத் திரும்பினேன் அக்கா. ஒரு செக்கன்தான்," என்றாள். அதையே நாலு தரம் சொன்னாள்.

ஜூன் 20, வியாழன்

மெல்பேர்னில் இருந்து ஐயாவின் மகன் டெரன்ஸ் தொலைபேசியில். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அப்பாவிடம் கேட்டதாகவும், அந்தப் பெண் கையை விட்டுவிட்டாள் என்று அப்பா சொன்னதாகவும், தனக்குத் தெரிந்த சட்டத்தரணி மூலம் கடிதம் வரும் என்றும் அமைதியாகச் சொன்னார். "உங்களை நம்பித்தானே அன்ரி விட்டனான்."

அந்த 'அன்ரி' குத்துகிறது.

வழக்கு என்றால் யார்மேல்? பதிவில் இருப்பது என் பெயர். எங்களுக்கென்று இருப்பது இந்த பிளாட் ஒன்றுதான். றமேஷ் ஊரில், கைதடியில் இருந்த தன் காணியை விற்று வாங்கியது. மூத்தவனின் படிப்பு இன்னும் முடியவில்லை.

றமேஷ் சொன்னார்: "மர்லியா உங்கட ஆளெண்டு எங்கேயும் எழுத்தில இல்லைத்தானே. கூப்பிட்டால் வாற வான்காரி எண்டு எழுதிவிடுமன். பொய்யுமில்லையே."

பொய்யில்லையா?

ஜூன் 21, வெள்ளி

பொசன் போயா விடுமுறை. காலி வீதியில் சும்மா சாப்பாடு கொடுக்கிற தன்சல் பந்தல்கள், ஒரே சனம். வீட்டுக்குள் இருந்து டெரன்ஸுக்கு எழுதினேன்.

'சம்பவத்தின்போது உடனிருந்த வாகனச் சாரதி எமது நிறுவனத்தைச் சேர்ந்தவர் அல்லர். தேவைப்படும்போது வாடகைக்கு அழைக்கப்படுபவர்.'

இரண்டு வசனம். அனுப்பியும் விட்டேன்.

மீனு கேட்டபோது வராத பதில் இன்றைக்கு எவ்வளவு சுலபமாக வந்தது.

ஜூன் 22, சனி

மெல்பேர்னில் இருந்து பதில் இல்லை. மர்லியா தொலைபேசியில் எடுத்தாள், ஐயாவுக்கு சூப் வைத்துக் கொண்டுபோனாளாம். நான் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 24, திங்கள்

கொட்டாஞ்சேனைக்குத் தனியே போனேன். ஐயா சாய்வு நாற்காலியில், கட்டுப்போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு. வழக்கமாக என்னைக் கண்டதும் ஏதாவது பகிடி விடுவார். இன்று இல்லை.

"மகன் நேற்று எடுத்தவன். நீர் எழுதினதை வாசிச்சுக் காட்டினவன்."

நிலத்தைப் பார்த்தபடி நின்றேன்.

"மர்லியாவும் அவனுக்கு அனுப்பியிருக்கிறா. கேட்டனீரோ?"

தொலைபேசியை நீட்டினார். மகன் அவருக்கு அனுப்பிவைத்த குரல் பதிவு. மர்லியா வெள்ளிக்கிழமையே அனுப்பியிருக்கிறாள். நான் அந்த இரண்டு வசனத்தை எழுதிய அதே நாள்.

"மகன், நான் மர்லியா. ஐயா விழுந்தது என்ட கையில இருக்கக்குள்ள. குமுதினி அக்கா அங்க இருக்கவே இல்ல. நீங்க கேஸ் போடுறெண்டா எனக்குப் போடுங்க. என்ட வான் இருக்கு. அக்காட வீட்டுக்குப் போயிராதீங்க. அவங்களுக்குப் படிக்கிற புள்ளைகள் இருக்கிறாங்க."

நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐயோ மர்லியா. என்ன மனுசியடி நீ. கோட்டு என்றாலே நடுங்குகிறவள் தன் பேரைத் தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். நான்? நான் என்ன செய்துவைத்தேன்?

ஐயாவும் அழுதார் போல. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"அழாதையும் பிள்ளை. முதல் பொய் சொன்னவன் நான். அவ கையை விடேல்லை. நான்தான் உதறினனான்."

துறைமுகக் கந்தோரில் அவரோடு வேலைசெய்த பழனியம்மா என்பவர் எதிரே வந்தாராம். அவருக்கும் எண்பதுக்குக் கிட்ட. தடியும் இல்லாமல் நேரே நடந்து வந்தாராம். "நான் மட்டும் சின்னப்பிள்ளை மாதிரிக் கையைப் பிடிச்சுக்கொண்டு போறதோ? உதறிப்போட்டு ரெண்டடி வைச்சன். அவ்வளவுதான். மகன் கேட்க வெட்கத்தில மாத்திச் சொல்லிப்போட்டன்."

எனக்கு முன்னாலேயே மகனுக்கு அழைப்பு எடுத்தார். இடது கையால் எண்களைத் தட்ட வெகுநேரம் எடுத்தது. "எண்பத்தொரு வயசில பொய் சொல்லிப் பிடிபட்டுட்டன், தம்பி," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். பழனியம்மாவையும் சேர்த்து. அந்தப் பக்கம் டெரன்ஸ் சிரித்தது எனக்கே கேட்டது.

வீட்டுக்கு வந்து டெரன்ஸுக்குத் திரும்ப எழுதினேன். முதல் எழுதியது உண்மையல்ல, மர்லியா என் பங்காளி, மூன்று வருடமாக வருமானமும் வேலையும் பாதிப்பாதி, பொறுப்பும் அப்படியே. அனுப்புவதற்கு முன் றமேஷிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "அனுப்பும்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான்தானே எழுதச் சொன்னது. மர்லியாவிட்ட சொல்லேக்க நானும் வாறன்," என்றார்.

வேண்டாம், நான் தனியே சொல்ல வேண்டியது. ஆனாலும் அந்தச் சொல்லுக்காக இவர்மேல் எவ்வளவு அன்பு வந்தது.

ஜூன் 25, செவ்வாய்

கிளினிக் முடிந்து எல்லோரையும் இறக்கியபிறகு, மரைன் டிரைவில் வானை நிறுத்தச் சொன்னேன். இரண்டு கடிதங்களையும் தொலைபேசியில் காட்டினேன். முதலாவதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். என் வாயாலேயே.

மர்லியா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெஹிவளைப் பக்கம் போகிற ரெயில் ஒன்று கடந்து போய் முடிந்தபிறகு சொன்னாள்:

"ஒங்கட எடத்துல இருந்தா நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன் எண்டு சும்மா செல்ல மாட்டேன் அக்கா. நான் எழுதியிருக்க மாட்டேன்."

"தெரியும்," என்றேன்.

என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போனாள்.

ஜூலை 1, திங்கள்

வேலைக்கு ஒழுங்காக வருகிறாள். ஒரு நிமிடம் பிந்துவதில்லை. என்னை 'மிஸ்' என்று கூப்பிடுகிறாள்.

ஜூலை 9, செவ்வாய்

தெஹிவளைக்கு அவள் வீட்டுக்கே போனேன். வெறும் கையோடு போகக்கூடாது என்று கடையில் மாம்பழம் வாங்கி, அது சமாதானம் பேசுகிறது மாதிரி இருக்கும் என்று வழியில் ரீச்சருக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் வெறும் கையோடுதான் போனேன்.

கம்பனியில் பாதி உன்னுடையது, பெயர் போட விருப்பமில்லாவிட்டால் நாங்கள் கம்பனியே பதியாமல் இப்படியே இருப்போம், மரைன் டிரைவ் ஒப்பந்தம் போனால் போகட்டும் என்றேன்.

நுஹா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவடியில் நின்றாள்.

மர்லியா சொன்னாள்: "ஒங்களுக்கு மனசு நோகுது. அந்த நோவுக்குத்தான் எனக்குப் பாதி தாறீங்க. நோவு ஆறினா என்ன செய்வீங்க? அப்பிடி எனக்கு வேணாம் மிஸ்."

அவள் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியை எப்படி விளங்கப்படுத்துவது? அந்தத் தொழிலில் பாதி எப்போதோ அவளுடையதாகிவிட்டது, நான் தரவேண்டியது என்று ஒன்றுமில்லை என்பதை? அதைத்தான் கடைசியில் சொன்னேன். "நான் தாறேல்லை மர்லியா. இருக்கிறதை எழுதப் பாக்கிறன்."

சரி என்று சொல்லி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். நல்ல சாயம், இஞ்சி போட்டது. கோபத்திலும் எனக்குச் சீனி குறைத்துத்தான் போட்டிருந்தாள்.

ஜூலை 18, வியாழன்

பாமன்கடைச் சந்தியில் சிவப்பு விளக்கு. முன்னால் பார்த்தபடியே கேட்டாள்: "அந்த மீனு மிஸ்ஸிட்ட நான் தனியா ஒருக்கா போகட்டா? நீங்க வேணாம்."

"தாராளமாப் போய்வாரும்."

ஜூலை 20, சனி

மீனு எடுத்தாள். சிரிப்பும் களைப்புமாக. மர்லியாவும் நுஹாவும் இரண்டேகால் மணித்தியாலம் இருந்தார்களாம். நுஹா ஒரு கொப்பியில் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்தாளாம். பணிப்பாளர் எப்போது விலகலாம், விலகினதை யாருக்கு அறிவிக்க வேண்டும், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வங்கியில் கையெழுத்துப் போடலாமா, வான் யாருடையது.

"பதினஞ்சு வருஷமா இந்த வேலை பாக்கிறேன் அக்கா. பெரிய பெரிய முதலாளிமாரெல்லாம் எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும்தான் கேப்பாங்க. இப்பிடி யாரும் என்னைக் கேள்வி கேட்டதே இல்ல."

ஜூலை 23, செவ்வாய்

காலையில் வானில் ஏறியதும் மர்லியா ஒரு கடித உறையைத் தந்தாள். அடையாள அட்டையின் பிரதி, முகவரிக்கு மின்சார பில், எல்லாம் ஒழுங்காக.

"வான் என்ட பேர்லயே இருக்கும். கம்பனி எனக்கு வாடகை தரட்டும். பேங்க்குல ரெண்டு பேரும் கையெழுத்து. எந்தப் பேப்பரும் எனக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டாம போகப்படாது."

"ஓம்."

"றவூபும் கட்டார்ல இருந்து கதைச்சாரு. ஒன்ட இஷ்டம், நான் ஒண்டும் செல்ல மாட்டேன் எண்டாரு. அந்தக் காலத்துல இத அவர்ட தம்பிக்கிட்ட செல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு. நான் கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன், ஏன் மனம் மாறினாய் என்று.

"அப்ப கேக்காம போட்டாங்க அக்கா. இப்ப கேட்டீங்க. இல்லண்டு சென்னேன், சரி எண்டு எழும்பிப் போனீங்க. இல்லண்டு செல்ல ஏலுமாயிருந்தாத்தானே ஓம் எண்டுறதுக்கும் ஒரு கருத்து."

அக்கா என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் சரியாக ஏறவில்லை. மீனுவின் மாமியார் வாசலில் காத்திருந்து, "என்ன குமுதினி, கண்ணுல தூசியா?" என்றார்.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

மீனுவின் கந்தோரில் கையெழுத்து. அவள் ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்ல, நுஹா பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் மர்லியாவின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. திரும்ப அச்சடித்து எடுக்கும்வரை பேனாவைத் தொடவில்லை அவள். மூன்று மணித்தியாலம் போனது. எனக்கு வயிற்றுப் பசி. ஆனால் நேர்ஸாக இருந்த காலத்தில் எத்தனை பேரிடம் ஒபரேஷன் படிவத்தை நீட்டி, இங்கே போடுங்கள், இங்கே போடுங்கள் என்றிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓகஸ்ட் 29, வியாழன்

பதிவு இலக்கம் வந்துவிட்டது. கைத்துணை பிரைவேட் லிமிடெட். இரண்டு பணிப்பாளர்கள். சரி பாதி. பத்திரிகைகளில் அறிவித்தல் போடவேண்டுமாம், மூன்று மொழியிலும்.

ஸ்ரனிஸ்லாஸ் ஐயாவிடம் சொன்னேன். கட்டு அவிழ்த்தாயிற்று. "முதலாவது விபத்து நான்தான் எண்டு சரித்திரத்தில எழுதும்," என்றார். டெரன்ஸ் ஒரு வரி எழுதியிருந்தார்: அப்பாவை உங்கள் இருவரையும் தவிர யாரிடமும் விடமாட்டேன் என்று.

நன்றி சொல்ல ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். மீனு, நுஹா, பொய்யைத் திருப்பி எடுத்த ஒரு கிழவர், என்னோடு சேர்ந்து வெட்கப்பட்ட றமேஷ். மர்லியாவுக்கு எப்படிச் சொல்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை.

ஒக்டோபர் 10, வியாழன்

நாலு நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லையாம், ஆனாலும் எழும்ப முடியவில்லை. இன்று பார்த்து மரைன் டிரைவ் கமிட்டிக் கூட்டம். ஒத்திப்போடச் சொல்வோமா என்று மர்லியாவிடம் கேட்டேன். "ஏன், நான் இல்லையா?" என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.

பின்னேரம் நாலு மணிக்கு வந்து கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பெருநாள் அபாயா, புதுச் செருப்பு.

"தலைவர் ஐயா கேட்டாரு, பொஸ் வரல்லையா எண்டு. வந்து ஒங்களுக்கு முன்னாலதானே இருக்கேன் எண்டேன்."

ஒப்பந்தத்தை அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பிறகு தானாகவே இரண்டு விடயம் சேர்க்கச் சொன்னாளாம். கீழே வாசலடியில் உட்கார ஒரு வாங்கு போடவேண்டும், முதுகு சாயக்கூடியது. லிஃப்டால் இறங்கி வருகிறவர்கள் வான் வரும்வரைக்கும் நிற்கக்கூடாது. வானுக்கு வாசலுக்குக் கிட்ட ஓரிடம் ஒதுக்கவேண்டும். கமிட்டியில் ஒருவர் இதெல்லாம் எதற்கு என்றாராம். "ஒங்கட உம்மா எத்தனையாம் மாடி எண்டு கேட்டேன். அஞ்சு எண்டாரு. அதுக்குப் பொறகு ஒண்டும் பேசல்ல."

எனக்கு வாங்கு நினைவுக்கே வந்திருக்காது.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். யார் யார் என்ன கேட்டார்கள், யாருக்கு எந்தக் கிளினிக், நாலாம் மாடி அம்மாவுக்குச் சிங்களம்தான் வரும், திங்கட்கிழமைக்கு இன்னொரு நேர்ஸ் பிள்ளை பார்க்கவேண்டும். நான் கேட்டுக்கொண்டே நித்திரையாகிவிட்டேன் போலிருக்கிறது.

எழும்பியபோது அவள் போய்விட்டிருந்தாள். மேசையில் கஞ்சி, மூடிவைத்தபடி. பக்கத்தில் ஒப்பந்தத்தின் பிரதி, மேலே பென்சிலால் 'அக்காவுக்கு' என்று எழுதி. கடைசிப் பக்கத்தில், கம்பனி சார்பாக, அவள் கையெழுத்து.